நாற்ற ஆலை நின்ற மதில்



இன்று ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வானொலியில் படமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. காதுக்குரிய கருவியில் கண்ணுக்குரியதைக் காட்ட இயலாதுதான். ஆனாலும், வேலை முடிந்து குளித்து, தேநீர்க் குவளையுடன் அமர்ந்திருக்கும் இந்த வேளையில் சற்றே கண்களை மூடிக்கொள்ளுங்கள். நாம் சொல்லச் சொல்ல, அந்தப் படத்தை உங்கள் மனத்தில் நீங்களே வரைந்துகொள்ளலாம்.

படம் பெரியதன்று. பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தைப் படுக்கை வாட்டில் வைத்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவுதான். வண்ணம் கிடையாது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள் மட்டுமே. மேட்டு நிலம் ஒன்றின்மேல் உயரமான காற்றாலை ஒன்று நிற்கிறது. அதன் நான்கு பெரிய கைகளும் வானத்தில் விரிந்திருக்கின்றன. பக்கத்திலே தாழ்ந்த வீடு ஒன்று. எட்டத்தில் தட்டையான நிலம். மற்றதெல்லாம் வெறும் வானம். அவ்வளவே படம். அதிலே அரசன் இல்லை, தேர் இல்லை, போர்க்களம் இல்லை. ஆயினும் ஆலையின் ஒவ்வொரு பலகையும் படியும் கயிறும் கைவேலைக்காரர் ஒருவர் கவனிப்பதைப் போலக் கவனித்து வரையப்பட்டிருக்கின்றன.

இதை வரைந்தவர் ரெம்பிராண்ட். நெதர்லாந்து நாட்டின் மாபெரும் ஓவியர். வரைந்த ஆண்டு 1641. படத்தில் அவருடைய பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த ஆண்டை மனத்தில் முடிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு வரலாற்றில் அதே ஆண்டு மீண்டும் வரப்போகிறது.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், நூலகத்தில் இருந்த ஓர் ஓவிய நூலில் இப்படத்தை முதன்முதலாகக் கண்டோம். காற்றாலைப் படம் என்ற அளவில் புரட்டிவிட்டுப் போய்விட்டோம். அந்த ஆலை எங்கே நின்றது, அதிலே என்ன வேலை நடந்தது என்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்தே நமக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகு அந்தப் படத்தைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், இந்தப் படம் எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்போம். இது தூரிகையால் தீட்டியதன்று. செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டது. இத்தொழிலைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றிய கைகளுக்கும், மரப்பட்டையை அளவறிந்து சீவிய கைகளுக்கும் இது விளங்காமற் போகாது.

வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகடு ஒன்றை எடுத்து, மெழுகும் பிசினும் கலந்த பூச்சை அதன்மேல் மெல்லியதாகத் தடவுவார்கள். பிறகு அதைப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார்கள். அந்தக் கறுப்பின்மேல் ஊசியால் படத்தைக் கீறுவார்கள். கீறிய இடத்தில் பூச்சு விலகி, செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு மூடிய இடத்தை அமிலம் தொடாது; ஊசி திறந்துவிட்ட கோடுகளை மட்டும் அரிக்கும். அதிக நேரம் அரித்தால் ஆழமான கோடு. குறைந்த நேரம் அரித்தால் மெல்லிய கோடு. பின்னர் பூச்சைத் துடைத்தெடுத்து, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்புறத்தைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பார்கள். பால் ரொட்டியை உருளையில் விட்டு அழுத்துவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. பள்ளத்திலிருந்த மை தாளுக்கு ஏறும். தகட்டில் இடப்பக்கம் இருந்தது தாளில் வலப்பக்கமாக மாறி விழும்.

இம்முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு. எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அது பணக்காரர் ஒருவரின் சுவருக்குப் போய்விடும். செப்புத் தகட்டிலிருந்தோ பல படிகள் எடுக்கலாம். விலையும் குறைவு. எனவே பலருடைய கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. ரெம்பிராண்ட் தம் வாழ்நாளில் ஏறக்குறைய முந்நூறு படங்களை இவ்வாறு செய்திருக்கிறார்.

சரி, அவர் வரைந்த காற்றாலை எங்கே நின்றது? நெடுங்காலமாக மக்கள் ஒரு கதை சொல்லி வந்தார்கள். ரெம்பிராண்டின் தந்தை லைடன் என்னும் ஊரில் ஆலைக்காரர். மதுபானம் செய்வதற்கான முளைதானியத்தை அரைக்கும் ஆலை அவருடையது. 1606ஆம் ஆண்டில் பிறந்த ரெம்பிராண்ட் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தார். ஆகவே, இது அவருடைய தந்தையின் ஆலை என்று பலரும் நம்பினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவன்று. இந்த ஆலை லைடனில் இல்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் மேற்குப் பக்கத்து மதில்மேல், பஸேர்டர் என்று அழைக்கப்பட்ட கொத்தளத்தில் நின்றது. கொத்தளம் என்பது மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் மண்மேடு. பீரங்கி வைத்து நாலாபுறமும் சுடுவதற்காக அமைப்பது. படத்தில் நாம் கண்ட மேட்டு நிலம் அதுதான்.

போருக்குக் கட்டிய மேட்டில் ஆலைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். காரணம் எளியது. காற்றாலைக்குத் தடையில்லாத காற்று வேண்டும். நகருக்குள்ளே வீடுகள் காற்றை மறிக்கும். மதில்மேடு உயரமானது, அதற்கு அப்பால் அகலமான அகழி, அதற்கும் அப்பால் பரந்த வெளி. ஆகவே ஆம்ஸ்டர்டாமின் கொத்தளங்கள் பலவற்றில் காற்றாலைகள் நின்றன. பெரும்பாலானவை மாவு அரைக்கும் ஆலைகள். எதிரி வந்தால் பீரங்கி. வராத நாளில் ரொட்டிக்கு மாவு.

ஆனால் நம் படத்தில் உள்ளது மாவு ஆலையன்று. அது தோல் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமான ஆலை. பதனிட்ட தோலை மீனெண்ணெய் இட்டு மென்மையாக்கும் வேலை அங்கே நடந்தது. நம்மில் பலர் சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோமே, அந்தக் காட் மீனின் ஈரல் எண்ணெய்தான். ஒரு கரண்டிக்கே நாம் முகம் சுளித்தோம். மிருகத் தோலும் மீனெண்ணெயும் சேர்ந்து நாள்தோறும் ஊறினால் அந்த இடம் எப்படி மணத்திருக்கும்? ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயரே ‘சின்ன நாற்ற ஆலை’ என்பதாகும்.

இந்த நாற்றத்தை அந்த நகரம் எங்கே வைத்தது என்பதைப் பார்த்தால், நகரத்தின் குணமே நமக்கு விளங்கிவிடும்.

ஆம்ஸ்டர்டாம் தண்ணீரிலிருந்து மீட்டெடுத்த நகரம். கால் வைத்தால் அமிழும் சேற்று நிலம். வீடு கட்ட வேண்டுமானால் முதலில் நீண்ட மரக்கம்பங்களை அடியிலுள்ள மணல் வரையில் இறக்கி, அவற்றின்மேல்தான் சுவரை எழுப்ப வேண்டும். 1648ஆம் ஆண்டில் தொடங்கிய நகர மண்டபத்துக்கு மட்டும் 13,659 கம்பங்கள் இறக்கினார்கள் என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் கணக்கு. 1580களில் சுமார் 30,000 பேர் வாழ்ந்த அந்நகரில், அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 2,00,000 பேர் நிறைந்துவிட்டார்கள். இடம் போதவில்லை. எனவே 1613ஆம் ஆண்டில் நகரை விரிவாக்கத் தொடங்கினார்கள். பழைய நகரைச் சுற்றிப் பிறைநிலா வடிவில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரிய கால்வாய்களை வெட்டினார்கள். அவற்றை உள்ளே அடக்கிப் புதிய மதிலும், மதிலுக்கு வெளியே அகழியும் அமைத்தார்கள்.

அந்த மூன்று கால்வாய்களின் பெயர்களைக் கேளுங்கள். ஹேரன் கால்வாய், கெய்சர் கால்வாய், பிரின்ஸன் கால்வாய். அதாவது பிரபுக்களின் கால்வாய், பேரரசரின் கால்வாய், இளவரசரின் கால்வாய். முதல் இரண்டின் கரைகளில் பெரும் வணிகர்களும் நகராட்சிப் பெரியவர்களும் மாளிகை கட்டினார்கள். அங்கே ஓசையும் நாற்றமும் உண்டாக்கும் தொழில்கள் நடக்கக் கூடாது என்று விதி இருந்தது. அப்படியானால் அந்தத் தொழில்கள் எங்கே போகும்? மூன்றாவது கால்வாயையும் தாண்டி, மதிலோரத்தில் இருந்த பகுதிக்குப் போயின. அதன் பெயர் யோர்டான். அங்கே நகரத்தார் அழகாகத் திட்டமிட்டு வீதி போடவில்லை. வயல்களுக்கிடையே ஓடிய பழைய வாய்க்கால்களையே அப்படியே கால்வாய்களாக அகலப்படுத்திக்கொண்டார்கள். அதனால் இன்றைக்கும் நகர வரைபடத்தில் அந்தப் பகுதியின் தெருக்கள் மட்டும் குறுகலாய், வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும்.

சாயம் தோய்ப்பவர்களும் தோல் பதனிடுபவர்களும் கைவினைஞர்களும் அங்கேதான் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். தோல் பதனிடத் தண்ணீர் நிறைய வேண்டும். கால்வாய் பக்கத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடுவார்கள்; அங்கே ஓக் மரப்பட்டையைத் தூளாக்கிப் பயன்படுத்தினார்கள். கழிவு முழுவதும் கால்வாயில்தான் கலந்தது. மாளிகைக்காரர்களின் கழிவும் அதே தண்ணீரில்தான் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பழி என்னவோ தோல் தொழிலாளிக்குத்தான்!

இன்றும் அந்த வட்டாரத்தில் நடந்து போனால் இத்தொழிலின் வரலாறு தெருப்பலகைகளிலேயே எழுதியிருக்கும். தோல் பதனிடுவோர் கால்வாய் என்று பொருள்படும் லோயர்ஸ் கால்வாய் இருக்கிறது. கால்வாய்களை இணைக்கும் குறுக்குத் தெருக்களில் ஒன்றுக்குத் தோல் தெரு என்று பெயர். ஒன்றுக்குப் பதனிடும் பட்டையின் பெயர். மற்றவற்றுக்கு ஓநாய், கரடி, மான் என்று தோல் தந்த விலங்குகளின் பெயர்கள். பஸேர்டர் கால்வாயும் இருக்கிறது. உயர்ந்த ரகத் தோல் செய்த தொழிலாளர்களின் பெயரால் வழங்குவது அது. மதில்மேல் ஆலை நின்ற கொத்தளத்துக்கும் அதே பெயர்தான்.

ஆகவே நேயர்களே, நகரத்தின் நடுவில் பிரபுக்கள், ஓரத்தில் உழைப்பாளிகள், ஓரத்திற்கும் ஓரமான மதில்மேல் இந்த நாற்ற ஆலை. அதற்கு அப்பால் அகழித் தண்ணீர்தான். ரெம்பிராண்டுக்கு வரைய வேறு பொருளா கிடைக்கவில்லை? 1639ஆம் ஆண்டில் அவர் 13,000 கில்டர் விலையில் பெரிய வீடு வாங்கியிருந்தார். நகரத்துப் பிரபுக்கள் தம் உருவத்தை வரையச் சொல்லிக் காத்திருந்தார்கள். அத்தகையவர் நகரத்தின் மறுகோடிக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடத்தில் நின்று, தோல் தொழிலாளரின் ஆலையைப் பலகை பலகையாக வரைந்திருக்கிறார். ஏழைகளைப் பற்றி இரக்கவுரை எழுத அவர் போகவில்லை. ஆலைக்காரர் மகனுக்கு ஆலையைப் பார்க்கத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

இனி, 1641 என்ற ஆண்டுக்கு வருவோம். அந்த மாளிகைகளும் கால்வாய்களும் எழுந்த பணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய வணிகத்திலிருந்து ஒரு பெரும்பங்கு வந்தது. இன்னொரு பங்கு நம் பக்கத்துக் கடல்களிலிருந்து போயிற்று. 1602ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்தது இவர்களைத்தான். தமிழ்நாட்டுக் கரையில் பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டில் கோட்டை கட்டினார்கள். அதாவது ஆம்ஸ்டர்டாமில் பிறைநிலாக் கால்வாய்களை வெட்டத் தொடங்கிய அதே ஆண்டு. அங்கே தமிழ், தெலுங்கு நெசவாளர்கள் நெய்த துணிகளை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, பதிலுக்கு வாசனைப் பொருள்களைப் பெற்று ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

துணி மட்டுமா போயிற்று? பஞ்சமும் போரும் வாட்டிய காலங்களில், பசிக்குத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களையும் வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1658ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் அவர்கள் கைக்குப் போனது. அதையடுத்துத் தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வந்தபோது, ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டனர். தமிழர் கடல் கடந்த கதை இரப்பர் மரத்தோடு தொடங்கவில்லை என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஓரத்து உழைப்பாளிக்கு ஒரு தெருப்பெயராவது மிஞ்சியது. இவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் மிஞ்சவில்லை.

இந்தக் கம்பெனி நெடுநாளாகக் கண்வைத்திருந்த துறைமுகம் மலாக்கா. 1511ஆம் ஆண்டு முதல் அது போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. அவர்கள் பள்ளிவாசல்களையும் அரச கல்லறைகளையும் இடித்த கற்களைக் கொண்டு அங்கே பெருங்கோட்டை எழுப்பியிருந்தார்கள். டச்சுக்காரர் ஜொகூர் சுல்தானின் துணையோடு அதை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். மதிலுக்குள்ளே பட்டினி, உள்ளும் புறமும் நோய். இரு தரப்பிலும் எண்ணற்றோர் மடிந்தனர். கடைசியில் 1641ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் மலாக்கா விழுந்தது.

பார்த்தீர்களா? ஒரே ஆண்டில் இரண்டு மதில்கள். அங்கே ஒரு மதிலின்மேல் நின்ற ஆலையை ஓர் ஓவியர் ஊசியால் கீறினார். இங்கே ஒரு மதிலை அதே நாட்டாரின் பீரங்கிகள் உடைத்தன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அவை ஒரே நாட்டாரின் கதையில் இரண்டு பக்கங்கள்.

மலாக்காவில் அமர்ந்த டச்சுக்காரர் உடைந்த கோட்டையைச் செப்பனிட்டார்கள். தம் ஊர்ப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஆற்றுக்கு மறுகரையில் வசதியுள்ளவர்கள் வாழ்ந்த தெரு ஹீரன் தெரு எனப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் ஹேரன் கால்வாயில் உள்ள அதே சொல்தான். பிரபுக்கள் தெரு என்று பொருள். இன்று அது துன் டான் செங் லோக் சாலை. அங்கிருந்து சற்றுத் தள்ளிப் போனால் துக்காங் பெசி, துக்காங் எமாஸ் சாலைகள். அதாவது கொல்லர் தெரு, பொற்கொல்லர் தெரு. தோல்காரர் கால்வாயைப் போலவே இங்கும் தொழிலாளியின் பெயர் தெருவில் தங்கிவிட்டது. அந்தப் பொற்கொல்லர் தெருவில்தான், டச்சு ஆட்சியில் மலாக்காச் செட்டிகளின் தலைவருக்குத் தரப்பட்ட நிலத்தில், 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. கடல் கடந்த தமிழர்களில் தம் பெயரையும் தெய்வத்தையும் காத்துக்கொள்ள முடிந்தவர்கள் அவர்கள்.

இந்த மதில்கள் எல்லாம் பிறகு என்னவாயின? மலாக்காக் கோட்டையை 1807ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். ஒரே ஒரு வாயில் தப்பியது. பள்ளிச் சுற்றுலாவில் நம் பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் அதே வாயில்தான். அடுத்த முறை போகும்போது அதன் நெற்றியை நிமிர்ந்து பாருங்கள். டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் அங்கே தெரியும். போர்த்துக்கீசியர் கட்டிய வாயிலில் டச்சுக்காரர் போட்ட கையெழுத்து அது.

ஆம்ஸ்டர்டாமின் மதிலும் நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதையும் இடித்துச் சமன் செய்தார்கள். கொத்தளம் இல்லை, நாற்ற ஆலையும் இல்லை. அகழித் தண்ணீர் மட்டும், பழைய கொத்தளங்களைச் சுற்றி வளைந்த அடையாளத்தோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரபுக்களின் கால்வாய்களை உலகப் பாரம்பரியச் சொத்து என்று 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அறிவித்தது. நம் மலாக்காவுக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் 2008ஆம் ஆண்டிலேயே அந்தச் சிறப்புக் கிடைத்துவிட்டது.

ரெம்பிராண்டின் வாழ்க்கையும் ஒரு வளைவு வளைந்தது. பெரிய வீட்டுக் கடனை அவரால் அடைக்க முடியவில்லை. 1656ஆம் ஆண்டில் திவாலானார். வீடும், சேர்த்து வைத்த கலைப்பொருள்களும் ஏலத்தில் போயின. பிறகு எங்கே குடிபோனார் தெரியுமா? யோர்டான் பகுதிக்குத்தான். ரோஜாக் கால்வாய்க் கரையில் ஒரு வாடகை வீடு. தாம் முன்பு வரைந்த ஆலையின் கொத்தளத்துக்குச் சில கால்வாய்களே இடைவெளி. உழைப்பாளிகள் வாழ்ந்த அந்தப் பகுதியிலேயே 1669ஆம் ஆண்டில் காலமானார். பக்கத்துத் தேவாலயத்தில், பெயர் பொறிக்காத வாடகைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவரது எலும்பு எந்த இடத்தில் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் கீறிய ஆலை, உலகத்தின் பெரிய காட்சிச்சாலைகளில் கண்ணாடிக்குள்ளே இன்றும் நிற்கிறது.

இவ்வளவையும் நம் வகுப்பில் ஒரு நாள் சொன்னோம். படத்தின் படி ஒன்றைக் கரும்பலகையில் ஒட்டியிருந்தோம். எல்லாவற்றையும் கேட்ட பின், பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“சார், நம்ம தோட்டத்துப் பழைய ஸ்டோரும்தான் நாறுமாம். எங்க பாட்டி சொல்லும். அதை யாராச்சும் படம் போட்டு வெச்சிருக்காங்களா சார்?”

நமக்குப் பதில் இல்லை. நம் தோட்டத்தில் பால் காய்ச்சிய ஸ்டோரையும் புகை வீட்டையும் பழைய லயங்களையும் இடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இடித்த இடத்தில் செம்பனை நட்டுவிட்டார்கள். திருமணப் படம், திருவிழாப் படம், துரையோடு சேர்ந்து எடுத்த படம் எல்லாம் வீடுகளில் இருக்கின்றன. ஒட்டுப்பால் நாறிய அந்த ஸ்டோரை யாரும் படம் எடுக்கவில்லை. நாமும் எடுக்கவில்லை. அங்கேதான் நாமும் பிறந்து வளர்ந்தோம். ஆசிரியராகத் திரும்பி வந்த பிறகும் அது சில காலம் நின்றுகொண்டிருந்தது. நாள்தோறும் அதைக் கடந்து பள்ளிக்குப் போனோம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனோம். இதை நேயர்களிடம் ஒப்புக்கொள்வதில் வெட்கம் உண்டு.

அந்த வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். தடித்த அட்டையில் வண்ணமெழுகைத் தேய்த்து, அதன்மேல் கறுப்பு மெழுகை அடர்த்தியாகப் பூசச் செய்தோம். ஊசியால் கீறினால் அடியிலுள்ள வண்ணம் தெரியும். அமிலம் வேண்டியதில்லை, செம்பும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு ஸ்டோரை வரைந்து வரவேண்டும் என்றோம்.

மறுநாள் வந்த படங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரு படத்தில் கதவு இந்தப் பக்கம். இன்னொன்றில் அந்தப் பக்கம். ஒன்றில் புகை வீட்டுக்கு மூன்று படி, இன்னொன்றில் ஐந்து. எனவே பெரியவர்களையே பள்ளிக்கு அழைத்தோம். அன்று மாலை அங்கே நடந்த வாதத்தைப் போல ஒரு வரலாற்றுப் பாடத்தை எந்தக் கல்லூரியிலும் நாம் கேட்டதில்லை. கடைசியில் பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வழக்கைத் தீர்த்தார்.

“கதவு கிழக்கதான் பார்த்திருக்கும், வாத்தியாரே. வாளியோட உள்ள நுழைஞ்சு பாலை ஊத்திட்டுத் திரும்பினா வெயில் மூஞ்சியில அடிக்கும். நான் முப்பது வருசம் கண்ணைச் சுருக்கிக்கிட்டு வெளிய வந்தவ. எனக்குத் தெரியாதா?”

அதற்கு மேல் யாரும் வாதிடவில்லை. பிள்ளைகள் கதவைக் கிழக்கில் வரைந்தார்கள். அந்தப் படம் இப்போது பள்ளியில் தொங்குகிறது. கோடுகள் கோணலாகத்தான் இருக்கின்றன. ரெம்பிராண்டின் ஆலையிலே கூட, வானப் பகுதியில் மெழுகுப் பூச்சு தற்செயலாக வெடித்ததால் மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கின்றன. அவர் அந்தத் தகட்டைத் தூக்கி எறியவில்லை. நாமும் பிள்ளைகளின் கோணலைத் திருத்தவில்லை.

அன்பு நேயர்களே, மதில் கட்டியவனும் இடித்தவனும் தங்கள் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்வார்கள். அதற்கு வரலாற்று நூல்களில் இடம் உண்டு. ஓரத்தில் நின்று வேலை செய்தவனின் இடத்தை யாராவது ஒருவர் நின்று பார்த்தால்தான் உண்டு. நம் வீட்டிலும் அப்படி முப்பது ஆண்டுகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்த ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள். பிரட்டுக் களம் எங்கே இருந்தது? ஆயாக் கொட்டகைக்கு எத்தனை தூண்? தண்ணீர்க் குழாய் எந்த லயத்துக்கு முன்னே நின்றது? கேட்டதைப் பிள்ளைகளின் கையால் ஒரு தாளில் கோடு போட்டு, அடியில் ஆண்டையும் பெயரையும் எழுதி வையுங்கள்.

நாற்றம் வீசிய இடமாயிற்றே என்று தயங்க வேண்டாம்.